வாவி பச்சையாகும்போது மீனுக்கு என்ன நடக்கிறது?

க.பொ.த. உயர்தரம், உயிரியல் விஞ்ஞானப் பிரிவு

வாப்பா வெற்றிலை எடுக்கக் களுதாவளைக்குப் போகும் நாட்களில், விடுமுறையாக இருந்தால் நானும் கூடவே போய்விடுவேன். காத்தான்குடியிலிருந்து கல்முனை வீதியால் தெற்கே போனால் ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், தேற்றாத்தீவு என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வரும். அடுத்தது களுதாவளை. கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, நடுவில் மணல். அந்த மணலில்தான் வெற்றிலைத் தோட்டங்களும், மிளகாயும் வெங்காயமும் கத்தரியும் விளையும் மேட்டு நிலங்களும் இருக்கின்றன.

கடந்த வருடம் ஒரு நாள் வெற்றிலைக் கட்டுகளை ஏற்றிவிட்டு வாவிக்கரைப் பக்கம் போனோம். வாப்பாவுக்குத் தெரிந்த முதிய மீனவர் ஒருவர் தோணிக்குப் பக்கத்தில் இருந்து வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்ததுபோல் இருந்தது. கரையோரத்தில் சின்ன மீன்கள் சில வயிறு மேலே தெரியச் செத்துக் கிடந்தன.

“யாரும் நஞ்சு ஊத்திட்டாங்களா அண்ணன்?” என்று வாப்பா கேட்டார்.

“சனம் அப்பிடித்தான் சொல்லுது தம்பி. அந்தக் கரைக்காரன் இந்தக் கரைக்காரனச் சொல்றான், இவன் அவனச் சொல்றான்” என்றவர் என் பக்கம் திரும்பினார். “புள்ள, நீ படிக்கிற புள்ளதானே. விடியச் சாமத்தில வந்து பாரு. மீனெல்லாம் மேல வந்து வாயத் திறந்து திறந்து மூடும்.”

அவர் சொன்னதன் அர்த்தம் அன்று எனக்கு விளங்கவில்லை. வெறும் தண்ணீர்ப் போத்தல் ஒன்றில் வாவித் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்தேன். உயர்தர இரசாயனவியலில் நீரில் கரைந்துள்ள ஒட்சிசனை அளக்க விங்க்ளர் முறை என்று ஒரு செய்முறை இருக்கிறது. அதைச் செய்து பார்த்துவிடலாம் என்பது என் எண்ணம். அடுத்த நாள் போத்தலைக் கண்ட டீச்சர் சிரித்துவிட்டார். விங்க்ளர் முறையில் மங்கனீசு சல்பேற்றையும், காரம் கலந்த பொற்றாசியம் அயடைட்டையும் தண்ணீர் எடுத்த இடத்திலேயே போத்தலுக்குள் விட வேண்டும். ஒட்சிசன் இருந்தால் கபில நிற வீழ்படிவு உண்டாகும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். அப்படி அங்கேயே பிடித்து வைக்காத தண்ணீரில், போத்தலுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் வீடு வந்து சேரும் வரை சுவாசித்துக்கொண்டே இருக்கும்.

“அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது, நீ எத்தனை மணிக்கு எடுத்தாய்?” என்று கேட்டார் டீச்சர். பகல் பதினொரு மணி இருக்கும் என்றேன். “அப்படியென்றால் முறைப்படி எடுத்திருந்தாலும் உனக்குப் பதில் கிடைத்திருக்காது” என்றார்.

ஏன் என்பதை விளக்குவதற்கு முதலில் பாசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பாடப்புத்தகம் அல்கா என்று சொல்வதை ஊரில் பாசி என்கிறோம். கிணற்றுக் கட்டில் வழுக்கும் பாசி மட்டும் பாசியல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒருகலப் பாசிகள் கோடிக்கணக்கில் தண்ணீரில் மிதக்கின்றன. பாசியைப் போலவே ஒளித்தொகுப்புச் செய்கிற, ஆனால் பற்றீரியா வகையைச் சேர்ந்த சயனோபற்றீரியாக்களும் அவற்றோடு இருக்கின்றன. வாவியில் இருக்கும் மீனுக்கும் இறாலுக்கும் உணவுச் சங்கிலி இவற்றில்தான் தொடங்குகிறது. பாசியே இல்லாத வாவி மீனே இல்லாத வாவிதான். வெயில், சூடு, அசையாத தண்ணீர், அதோடு நைதரசனும் பொசுபரசும் தாராளமாகக் கிடைத்தால் இவை சில நாட்களுக்குள் பல மடங்காகப் பெருகித் தண்ணீரின் நிறத்தையே மாற்றிவிடும். இதைத்தான் பாசிப் பெருக்கம் என்கிறார்கள். இனத்தைப் பொறுத்து நிறம் பச்சையாகவோ சிவப்பாகவோ கபிலமாகவோ இருக்கும்.

பகலில் பாசி ஒளித்தொகுப்புச் செய்து ஒட்சிசனை வெளிவிடுகிறது. அதனால் பச்சைத் தண்ணீரில் நண்பகல் வேளை ஒட்சிசன் தாராளமாக இருக்கும். சில வேளை தண்ணீர் கொள்ளக்கூடிய அளவையும் தாண்டிவிடும். சூரியன் மறைந்ததும் ஒளித்தொகுப்பு நின்றுவிடுகிறது. சுவாசம் மட்டும் நிற்பதில்லை. மீன் சுவாசிக்கிறது, இறால் சுவாசிக்கிறது, அடிச்சேற்றில் உள்ள பற்றீரியா சுவாசிக்கிறது, அத்தனை கோடிப் பாசியும் சுவாசிக்கிறது. பகலில் சேர்ந்த ஒட்சிசனை இரவு முழுக்க எல்லோரும் சேர்ந்து செலவழித்தால், அது ஆகக் குறைந்து நிற்கும் நேரம் சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்னர். வளிமண்டலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேற்படையில் மட்டும் கொஞ்சம் ஒட்சிசன் மிஞ்சியிருக்கும். அதற்காகத்தான் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. அந்தப் பெரியவர் விடியச் சாமத்தில் பார்த்தது இதைத்தான். நான் பதினொரு மணிக்கு எடுத்த போத்தல் இதைக் காட்டியிருக்காது.

சூட்டையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் 7.5 மில்லிகிராம்தான். உப்புக் கலந்த தண்ணீரில் அது இன்னும் குறையும். வெப்பமான, உவர்த் தன்மையுள்ள எங்கள் வாவி தொடக்கத்திலேயே குறைந்த கையிருப்போடுதான் இரவுக்குள் போகிறது. பொதுவாக லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மீன் நன்றாக வளரும். 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் தாங்காது. திலாப்பியா போன்றவை ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

பாசி உயிரோடு இருக்கும்போதே இப்படி என்றால், அது கூட்டமாகச் சாகும்போது நிலைமை இன்னும் மோசம். இரண்டு மூன்று நாள் மப்பும் மந்தாரமுமாக இருந்தாலோ, போசணை தீர்ந்துவிட்டாலோ, தண்ணீரின் உவர்ப்புத் திடீரென மாறினாலோ பாசி மொத்தமாக இறந்து அடியில் படியும். அதை உக்கவைக்கும் பற்றீரியா மிஞ்சியிருக்கும் ஒட்சிசனையும் எடுத்துவிடும். பச்சையாக இருந்த தண்ணீர் கபிலமாகி மணக்கத் தொடங்கினால் ஆபத்து முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. பல தடவை அப்போதுதான் அது ஆரம்பம்.

வாவியில் மீன்கள் செத்துக் கரையொதுங்கிய செய்தி பத்திரிகைகளில் வருவது எங்களுக்குப் புதிதல்ல. ஒவ்வொன்றுக்கும் பாசிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. நஞ்சும் காரணமாகலாம், உவர்ப்பு மாற்றமும் காரணமாகலாம், நோயும் காரணமாகலாம். ஆனால் காலையில் மீன் செத்துக் கிடந்தால் இரவில் யாரோ வந்து ஏதோ செய்திருக்கிறான் என்றுதான் மனம் முதலில் நினைக்கிறது. இரவில் வந்தது ஆளல்ல, இரவேதான் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எழுவான்கரையும் படுவான்கரையும் ஒன்றையொன்று சந்தேகிக்க இந்த மாவட்டத்தில் வேறு காரணங்கள் போதாமலா இருக்கின்றன?

உண்மையில் இரண்டு கரைக்கும் இதில் பங்கு இருக்கிறது. வடக்கே பங்குடாவெளியிலிருந்து தெற்கே கல்முனை வரை 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது வாவி. இவ்வளவு தண்ணீருக்கும் கடலுக்கும் தொடர்பு இரண்டே இடத்தில்தான்: மட்டக்களப்பு நகருக்குப் பக்கத்தில் பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாறு. மழையில்லாக் காலத்தில் மணல் திட்டு வாயை அடைத்துவிடும். வந்து சேர்ந்தது வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே கிடக்கும். படுவான்கரை வயல்களில் இடும் யூரியாவின் ஒரு பகுதி வடிகால் வழியே இங்கேதான் வருகிறது. எழுவான்கரையில் மணல் நிலம். மணலுக்கு உரத்தைப் பிடித்து வைக்கத் தெரியாது. தோட்டத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் இறைக்க இறைக்க நைத்திரேற்று கீழே இறங்கி நிலத்தடி நீரோடு கலக்கிறது. அந்த நிலத்தடி நீரும் மெல்ல மெல்ல வாவியை நோக்கித்தான் நகர்கிறது.

தோட்டக்காரரை மட்டும் சொல்லிவிட்டு என் ஊரை விட்டுவிட்டால் அது நியாயமில்லை. காத்தான்குடி எவ்வளவு நெருக்கமான ஊர் என்பது வாசிக்கும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீடுகளின் சமையலறைத் தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர், நிரம்பி வழியும் மலசலகூடக் குழிகளின் கசிவு எல்லாவற்றிலும் நைதரசனும் பொசுபரசும் இருக்கின்றன. மூத்தம்மாவிடம் இதைச் சொன்னபோது, “நாங்க உடுப்புக் கழுவுறதுக்கும் மீன் சாகிறதுக்கும் என்னடி சம்பந்தம்?” என்று கேட்டார். ஒரு வீட்டுக் கணக்கில் பார்த்தால் மூத்தம்மா சொல்வது சரிதான்.

இப்போது மீன் வளர்ப்புக்கு வருகிறேன். திறந்த வாவியில் உள்ள மீனுக்கு ஒரு வழி இருக்கிறது. ஒட்சிசன் குறையும் இடத்தை விட்டு அது நீந்திப் போகலாம். கூட்டிலும் குளத்திலும் அடைத்து வளர்க்கப்படும் மீனுக்கு அந்த வழி இல்லை. திருகோணமலைக் கடலில் கூடுகளில் கொடுவா வளர்க்கிறார்கள். புத்தளம், சிலாபம் பக்கம் இறால் பண்ணைகள் இருக்கின்றன. எங்கள் பக்கத்திலும் மகிழடித்தீவில் 1980களில் இறால் பண்ணை இருந்தது. போர் அதை விட்டுவைக்கவில்லை. வாவியில் மீண்டும் மீனும் இறாலும் நண்டும் வளர்க்க வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. வேலையில்லாத இளைஞர்கள் இவ்வளவு பேர் இருக்கும் இடத்தில் அது நல்ல பேச்சுத்தான். ஆனால் கடன் வாங்கி ஒருவர் போட்ட முதல் ஒரே இரவில் மிதக்கக்கூடும் என்பதையும் அந்தப் பேச்சில் சேர்க்க வேண்டும்.

பண்ணைக்காரருக்குப் பச்சைத் தண்ணீர் எதிரி அல்ல என்பதுதான் இதில் விசித்திரம். இறால் குஞ்சு விடுவதற்கு முன் குளத்துக்கு உரம் போட்டுத் தண்ணீரைப் பச்சையாக்குகிறார்கள். அளவோடு இருக்கும் பாசி குஞ்சுக்கு உணவு, நிழல், ஒட்சிசன் எல்லாம் கொடுக்கும். பிறகு தினமும் தீனி போடும்போது சிக்கல் தொடங்குகிறது. தீனியிலுள்ள நைதரசனில் நான்கில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் மீனின் உடம்பில் சேர்கிறது. மிச்சம் கழிவாகவும் தின்னாத தீனியாகவும் தண்ணீரில் கலந்து பாசிக்கு உரமாகிறது. ஆகவே மீன் வளர்ப்புப் பாசிப் பெருக்கத்தால் பாதிக்கப்படும் தொழில் மட்டுமல்ல, அதை உண்டாக்கக்கூடிய தொழிலும்கூட.

இதற்கு யப்பான் நல்ல உதாரணம். 1972 ஆம் ஆண்டு யப்பானின் செத்தோ உள்நாட்டுக் கடலில் சட்டொனெல்லா என்ற பாசி பெருகி, வளர்ப்புக் கூடுகளில் இருந்த 14 மில்லியன் மஞ்சள்வால் மீன்கள் இறந்தன. நட்டம் 7.1 பில்லியன் யென். சட்டொனெல்லா மீனின் பூக்களைச் சேதப்படுத்தி மூச்சுத்திணற வைக்கும் வகை. தொழிற்சாலைக் கழிவும் நகரக் கழிவும் கட்டுப்பாடில்லாமல் அந்தக் கடலில் விழுந்துகொண்டிருந்த காலம் அது. அடுத்த வருடமே அந்தக் கடலைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1976 இல் ஒரே வருடத்தில் அங்கே 299 தடவை கடல் நிறம் மாறியது பதிவாகியிருக்கிறது. கழிவைக் குறைக்கக் குறைக்க அது பின்வந்த ஆண்டுகளில் நூறு அளவுக்கு இறங்கியது. சட்டம் வந்த மறுநாளே கடல் திருந்தவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் திருந்தியது.

எங்களுக்கு மிக அருகில் நடந்தது மன்னார் வளைகுடாவில், தமிழ்நாட்டுக் கரைப் பக்கம். 2019 செப்டெம்பரில் மண்டபம், பாம்பன் பகுதியில் கடல் பச்சையாக மாறியது. அங்குள்ள மீனவர் அதைப் பூங்கோரை என்கிறார்கள். அதற்குக் காரணமான நொக்டிலூக்கா ஒரு கலம் மட்டுமே கொண்ட உயிர். அதன் பெயருக்கு இரவு விளக்கு என்று பொருள். இரவில் அலை அடிக்கும்போது நீலமாக ஒளிரும். பார்க்க அழகாக இருக்குமாம். அந்த அழகு தண்ணீரின் ஒட்சிசனை லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுபோனது. மீன்கள் செத்துக் கரையொதுங்கின. நீந்திப் போக முடியாத முருகைக்கற்களும் தீவுகளைச் சுற்றி இறந்தன. நொக்டிலூக்கா மனிதரைக் கொல்லும் நஞ்சு எதையும் உண்டாக்குவதில்லை என்பதை நினைவில் வைத்தால், நஞ்சில்லாமலே கடல் எப்படிச் சாகும் என்பது விளங்கும். அதே வளைகுடாவில் 2008 ஒக்டோபரிலும் இதே உயிர் பெருகி மீன்கள் மடிந்தன.

எங்கள் ஊரில் வாப்பாவோ மாமாவோ வளைகுடா நாட்டில் வேலை செய்யாத வீடு குறைவு. 2008, 2009 காலத்தில் அங்கே இருந்தவர்களுக்கு ஓமான், ஐக்கிய அரபு அமீரகக் கடல்கள் சிவந்துபோனது நினைவிருக்கக்கூடும். கொக்லோடினியம் என்ற பாசி எட்டு மாதத்துக்கு மேல் அந்தக் கடலில் நின்றது. மீன்கள் இறந்தது ஒரு பக்கம். கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் சிலவற்றையே மூடவேண்டி வந்தது. 2016 இல் சிலி நாட்டில் இன்னொரு பாசி ஏறத்தாழ 39,000 தொன் வளர்ப்புச் சல்மன் மீனைக் கொன்றது. பணக்கார நாடு, ஏழை நாடு என்று பாசி பார்ப்பதில்லை.

மீனைக் கொல்லாமல், அதைத் தின்னும் மனிதரைத் தாக்கும் பாசிகளும் உண்டு. வடிகட்டி உண்ணும் மட்டி போன்றவற்றின் உடலில் அந்த நஞ்சு சேரும். மட்டிக்கு ஒன்றும் ஆகாது. 1981 இல் தமிழ்நாட்டின் வாயலூரில் மட்டி சாப்பிட்ட 85 பேர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு 3 பேர் இறந்தனர். சமைத்தால் போய்விடும் என்று நினைப்பவர்களுக்காக ஒரு வரி: அந்த நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. நன்னீரில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற சயனோபற்றீரியா ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். 1999 இல் கண்டி ஏரி மேல் பச்சை வர்ணம் பூசியதுபோல் ஆனது இதனால்தான்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், உரத்தையே தடைசெய்யச் சொல்ல மாட்டேன். 2021 இல் இரசாயன உரத்துக்குத் திடீரென்று தடை வந்தபோது எங்கள் மாவட்ட விவசாயிகள் பட்ட பாட்டைப் பார்த்தவள் நான். ஒரே தடவையில் அள்ளிக் கொட்டாமல் பயிருக்குத் தேவையான நேரத்தில் சிறிது சிறிதாக இடுவதும், மழை வரும் நாளில் இடாமல் இருப்பதும் விவசாயியின் பணத்தையும் மிச்சப்படுத்தும். கரையோரப் புல்லையும் கண்டல் மரங்களையும் வெட்டாமல் விட்டால், வரும் போசணையில் ஒரு பகுதியை அவை பிடித்துக்கொள்ளும். நகரக் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் வாவிக்கு விடுவதை நிறுத்துவது தனியாள் வேலை இல்லை. அதை அதிகாரத்தில் இருப்பவர்கள்தான் செய்ய வேண்டும். இதையெல்லாம் செய்வதற்கு வருடங்கள் பிடிக்கும்.

பண்ணைக்காரர் அதுவரை காத்திருக்க முடியாது. அவருக்கு உதவும் மிக மலிவான கருவி ஒன்றைச் சொல்கிறேன். 20 சென்றிமீற்றர் விட்டமுள்ள வட்டத் தட்டு ஒன்றை நான்கு பங்காகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசி, நடுவில் அளவு குறித்த கயிறு கட்டி, அடியில் பாரம் தொங்கவிட்டால் அதுதான் செக்கித் தட்டு. தண்ணீருக்குள் மெதுவாக இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்க்க வேண்டும். குளத்தில் 30 முதல் 45 சென்றிமீற்றரில் மறைந்தால் பாசி அளவாக இருக்கிறது. 20க்குள் மறைந்தால் அன்றைய தீனியைக் குறைத்து, இரவில் காற்றூட்டும் சக்கரத்தை ஓட்டத் தயாராக வேண்டும். நானும் தங்கையும் பிஸ்கட் டின் மூடியில் ஒன்று செய்து களுதாவளைக்குக் கொண்டுபோனோம். முழங்கை ஆழத்துக்குள் மறைந்துவிட்டது. சேறு கலங்கியிருந்தாலும் தட்டு மறையும் என்பதால், மறைத்தது பாசியா சேறா என்பதை நிறத்தைப் பார்த்தும் முடிவு செய்ய வேண்டும்.

தட்டைப் பார்த்த அந்தப் பெரியவர் இரண்டு தடவை தானே இறக்கிப் பார்த்தார். பாசி, இரவு, ஒட்சிசன் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த மட்டில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதுக்குத்தானே புள்ள அண்டைக்கு விடியச் சாமத்தில வா எண்டு சொன்னன்” என்றார்.

அடுத்த விடுமுறையில் சுபஹு தொழுத கையோடு புறப்படலாம் என்று வாப்பா சொல்லியிருக்கிறார். விங்க்ளர் போத்தலையும் இரண்டு கரைசல்களையும் தருவதற்கு டீச்சர் சம்மதித்துவிட்டார்.